போடிக்காகக் கேள்வி கேட்டது யார்?

25.3.1989. தமிழ்நாட்டில் எந்தப் பத்திர எழுத்தரிடம் இந்தத் தேதியைச் சொன்னாலும் நிமிர்ந்து பார்ப்பார். “பொண்ணுக்குக் கல்யாணம் அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றுதான் அடுத்து கேட்பார். பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று கருணாநிதி அரசு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்படும் நாள் அது. அந்த நாளுக்கு முன்பே மணமாகிப்போன மகளுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பாகப்பிரிவினையை இந்த ஒரு தேதி தீர்மானித்தது.

அரசியல் பேசுகிறவர்களிடம் இதே தேதியைச் சொல்லிப் பாருங்கள். சேலை, கலைந்த தலைமுடி, உடைந்த மூக்குக்கண்ணாடி என்று வேறு கதை வரும். 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்குத் திரும்பியிருந்த கருணாநிதி, நிதித்துறையையும் தானே வைத்திருந்தார். அன்று பட்ஜெட் வாசிக்க எழுந்தார். எதிர்வரிசையில் எதிர்க்கட்சித் தலைவராக ஜெயலலிதா. தமிழகச் சட்டப்பேரவையில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர். தன் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படுகிறது, காவல் துறை தனக்கு எதிராக ஏவப்படுகிறது என்று உரிமை மீறல் பிரச்சினை எழுப்ப முயன்றார். பட்ஜெட் நாளில் அதற்கு இடமில்லை என்று பேரவைத் தலைவர் தமிழ்க்குடிமகன் மறுத்தார். பிறகு நடந்ததற்கு இன்றுவரை இரு தரப்புக்கும் இரண்டு கதைகள். பட்ஜெட் தாள்கள் பறிக்கப்பட்டன, முதல்வரின் கண்ணாடி உடைந்தது என்பது ஒரு கதை. ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்பது இன்னொரு கதை. முதலமைச்சராகத்தான் இந்த அவைக்குத் திரும்புவேன் என்று சபதம் செய்து வெளியேறினார் ஜெயலலிதா. 1991 ஜூனில் அப்படியே திரும்பினார்.

அந்த பட்ஜெட்டில் என்ன இருந்தது என்று எவருக்காவது நினைவிருக்கிறதா?

ஜெயலலிதா அன்று எந்தத் தொகுதியின் உறுப்பினர் என்பதும் பலருக்கு நினைவில்லை. போடிநாயக்கனூர். ஏலக்காய் மணக்கும் கடைத்தெருவும், முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகளும், அவற்றின் உச்சியில் போடிமெட்டும் கொண்ட தொகுதி. சபதம் தமிழக அரசியலுக்குக் கிடைத்தது. போடிக்குக் கிடைத்தது காலி நாற்காலி. 1991 தேர்தலில் அவர் பர்கூருக்கும் காங்கேயத்துக்கும் போய்விட்டார்.

இன்னொரு மார்ச் 25. ஆண்டு 2015. அன்றும் பட்ஜெட் நாள். வாசித்தவர் முதலமைச்சரும் நிதியமைச்சருமான ஓ.பன்னீர்செல்வம், போடிநாயக்கனூர் சட்டமன்ற உறுப்பினர். 26 ஆண்டுகள் இடைவெளியில் ஒரே தேதியில், இந்த மலையடிவாரத் தொகுதியின் ஒரு உறுப்பினர் பட்ஜெட்டைத் தடுத்தார், ஒரு உறுப்பினர் பட்ஜெட்டைக் கொடுத்தார். தமிழ்நாட்டில் வேறெந்த ஊருக்கு இப்படியொரு வரலாறு வாய்த்தது என்று தெரியவில்லை. போடிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். நாம் வேறொரு கணக்கைப் பார்ப்போம்.

அமைச்சர் கேள்வி கேட்க முடியாது

2011, 2016, 2021 என மூன்று தேர்தல்களில் போடி மக்கள் பன்னீர்செல்வத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பத்தாண்டுகளில் பெரும்பகுதி அவர் நிதியமைச்சர். இடையில் முதலமைச்சர், பிறகு துணை முதலமைச்சர். இடைக்கால பட்ஜெட்டுகளையும் திருத்த பட்ஜெட்டுகளையும் சேர்த்தால் 11 முறை அவையில் நிதிநிலை அறிக்கை வாசித்தவர். 2017-ல் மட்டும் அந்த வேலை டி.ஜெயக்குமாருக்குப் போனது, பன்னீர்செல்வம் தன் கட்சித் தலைமைக்கு எதிராகத் ‘தர்மயுத்தம்’ நடத்திய ஆண்டு அது.

அமைச்சராக இருக்கிறவர் அவையில் கேள்வி கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. அமைச்சரவை கூட்டுப் பொறுப்பு கொண்டது, ஓர் அமைச்சர் எழுந்து இன்னோர் அமைச்சரைப் பார்த்து “எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போது வருவார்?” என்று கேட்டால் அரசே அரசைக் கேட்டதாகிவிடும். ஆகவே கேள்வி நேரத்தில் போடியின் உறுப்பினர் பெரும்பாலும் பதில் சொல்லும் வரிசையில் உட்கார்ந்திருந்தார். போடிக்காகத் துணைக்கேள்வி எழுப்ப வேண்டிய முதல் ஆள் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாத இடத்தில் இருந்தார்.

விஐபி தொகுதி என்றால் ஊருக்கு யோகம் என்பது பொது நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு. 2012-ல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி போடியில்தான் இருக்கிறது. கோப்பு வேகமாக நகரும், கலெக்டர் போனை எடுப்பார், சாலை பளபளக்கும். ஆனால் கோப்பில் வருவது சலுகை. கேள்வியில் வருவது பதிவு. சலுகை எப்படி வந்தது, எவ்வளவு செலவானது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதெல்லாம் அவைக்குறிப்பில் ஏறாது. அமைச்சர் பதவி போன மறுநாள் கோப்பின் வேகமும் போய்விடும். அவைக்குறிப்பு அப்படியே இருக்கும்.

2021-க்குப் பிறகு பன்னீர்செல்வம் எதிர்வரிசைக்கு, எதிர்க்கட்சித் துணைத் தலைவராக வந்தார். இப்போதாவது கேள்வி வருமா என்று பார்த்தால், 2022 ஜூலையில் அதிமுக பிளந்தது. அதன்பிறகு அவர் எந்த இருக்கையில் உட்கார்வது என்பதே அவையின் பிரச்சினையாகி, அந்த அக்டோபரில் எடப்பாடி பழனிசாமி அணியினர் வெளியேற்றப்படும் அளவுக்குப் போனது. 2024 பிப்ரவரியில் இருக்கை மாறியது. ஒரு நாற்காலிக்காக ஒன்றரை ஆண்டுகள்.

சபதம், பட்ஜெட் சூட்கேஸ், நாற்காலி. போடியின் பேரவை வரலாற்றை இந்த மூன்று சொற்களில் எழுதிவிடலாம். கேள்வி என்ற சொல் அதில் வரவில்லை.

‘எல்.ஏ.கியூ. வந்திருக்கு!’

சட்டமன்றக் கேள்வி என்பது வெறும் பேச்சு என்று நினைப்பவர்கள் ஒரு தாலுகா அலுவலகத்தில் அது வந்து விழும் நாளைப் பார்க்க வேண்டும். உறுப்பினர் எழுதிக்கொடுத்த இரண்டு வரி, பேரவைச் செயலகத்திலிருந்து துறைச் செயலாளருக்கும், அங்கிருந்து இயக்குநருக்கும், பிறகு மாவட்டத்துக்கும், கடைசியில் களத்தில் இருக்கும் அலுவலருக்கும் இறங்கி வரும். “எல்.ஏ.கியூ. வந்திருக்கு” என்று ஒருவர் குரல் கொடுத்தால் மற்ற வேலைகள் ஒதுங்கும். மூன்று ஆண்டுகளாகத் தேடாத பதிவேட்டைத் தேடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வகுப்பறை, எத்தனை ஆசிரியர், எத்தனை காலியிடம் என்ற கணக்கு அன்றைக்குத்தான் சரியாகக் கூட்டப்படும். அமைச்சர் என்ன பதில் சொல்கிறார் என்பது பிறகு. கேள்வி வந்ததாலேயே சில வேலைகள் நடந்துவிடுவதுண்டு.

கேள்விக்கென்று ஒரு மாறாத அச்சு இருக்கிறது. “(அ) இன்ன ஊரில் இன்ன குறை இருப்பதை அரசு அறியுமா? (ஆ) ஆமெனில், அதைப் போக்க அரசு ஆவன செய்யுமா?” பதிலுக்கும் அச்சு உண்டு: “கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளது”, “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்”. இவை ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. இதோடு முடிந்தால் கேள்வி நேரம் வெறும் சடங்கு. நட்சத்திரக் குறியிட்ட வினாவின், அதாவது அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்லும் வினாவின், உயிர் துணைக்கேள்வியில் இருக்கிறது. முதல் பதில் அதிகாரிகள் தட்டச்சு செய்து கொடுத்தது. துணைக்கேள்விக்கு அமைச்சர் தன் தலையிலிருந்து பதில் எடுக்க வேண்டும், அல்லது அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு வரும்வரை இழுக்க வேண்டும். துறையைப் படித்த அமைச்சர் யார், படிக்காதவர் யார் என்று அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். 2022 ஜனவரியிலிருந்து தமிழகப் பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் வருவதால் இதை நாமும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. பிரிட்டனில் ஓர் அரசிடம் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டதாகப் பதிவான முதல் கேள்வி 1721-ல் பிரபுக்கள் சபையில் வந்தது. தென்கடல் கம்பெனி மோசடியில் ஓடிப்போன காசாளரைப் பற்றியது அது. பிறந்ததே பண விவகாரத்தில்தான். இங்கே 1892 சட்டம்தான் சபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. 1893-ல் பிங்கா மகாராஜா கேட்ட முதல் கேள்வி, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்தே ஊர்க் கடைக்காரர்கள் நொடிந்துபோவதைப் பற்றியது. துணைக்கேள்வி கேட்கும் உரிமை 1909-ல் வந்தது. அதுவும் கேள்வியை எழுப்பியவருக்கு மட்டும். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் எழுந்து கேட்கலாம் என்றானது.

சுதந்திர இந்தியாவில் ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று காட்டிய வழக்கில் சிக்கியவர் நம் ஊர்க்காரர். எல்.ஐ.சி. தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1957 ஜூனில் கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை அது சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதைப் பற்றி மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பூசி மெழுகினார். ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி விடவில்லை. அந்த டிசம்பரில் கடிதங்களையும் தேதிகளையும் அடுக்கிக்கொண்டு வந்து பேசினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். கேட்டவர் பிரதமரின் மருமகன். பதில் சொல்லத் திணறியவர் பிரதமரின் நம்பிக்கைக்குரிய அமைச்சர். ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அரசைக் கேட்பது துரோகம் என்று இன்று நினைக்கப்படும் நிலையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெட்டில் நின்றால் யாரைக் கேட்பது?

போடிமெட்டு சோதனைச் சாவடியில் நின்று நான்கு பக்கமும் திரும்பிப் பாருங்கள்.

காலடியில் இருக்கும் சாலை கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85. கேள்வி டெல்லியில் நிதின் கட்கரியின் துறைக்குப் போக வேண்டும். மெட்டிலிருந்து பூப்பாறை வழியாக மூணாறுக்குப் போகும் 42 கிலோமீட்டர் அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. கீழே இறங்கும் சரிவில் உள்ள காடு தமிழக வனத்துறையுடையது. கேள்வி சென்னைக்கு. எதிர்ச்சரிவில் தெரியும் ஏலத்தோட்டங்கள் கேரளத்தின் உடும்பஞ்சோலை தாலுகா. கேள்வி திருவனந்தபுரத்துக்கு. அந்தத் தோட்டத்துக் காய் விலைக்குப் போகும் ஏல மையங்கள் போடியிலும் புற்றடியிலும் இருக்கின்றன. அவற்றை மேற்பார்க்கும் நறுமணப் பொருள் வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மறுபடி டெல்லி, ஆனால் வேறு அமைச்சர்.

ஏலக்காய் விலை 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்சம் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய ஆண்டு வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அழிந்ததன் விளைவு. பிறகு விலை சரிந்தது. ஏறும்போது வியாபாரி சிரிக்கிறார், இறங்கும்போது சிறு விவசாயி அழுகிறார். குவாத்தமாலா காய் கலக்கிறது என்ற புகார் எப்போதும் உண்டு. இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்விகள் வருகின்றன, பதில்கள் வருகின்றன. தேனி எம்.பி.யும் கேட்கலாம், இடுக்கி எம்.பி.யும் கேட்கலாம். விலைக்கு இரண்டு வாய்கள் உண்டு.

கூலிக்கு?

விடிவதற்கு முன் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் மெட்டு ஏறுகின்றன. பெண்கள்தான் அதிகம். காய் பறித்துவிட்டு மாலையில் இறங்குகிறார்கள். ஜீப்பில் எத்தனை பேர் என்பது கொண்டை ஊசியில் ஒரு ஜீப் கவிழும்போது மட்டும் செய்தியாகும். இந்தப் பெண் வாக்களிப்பது போடித் தொகுதியில். அவருடைய கூலியைத் தீர்மானிப்பது கேரள அரசு கூட்டும் தோட்டத் தொழிலாளர் பேச்சுவார்த்தை. அவருடைய எம்.எல்.ஏ. கேரளத் தொழிலாளர் அமைச்சரைக் கேட்க முடியாது. உடும்பஞ்சோலை எம்.எல்.ஏ. கேட்கலாம், ஆனால் இவர் அவருடைய வாக்காளர் இல்லை. பக்கத்துத் தேவிகுளம் தொகுதியின் ஏ.ராஜா 2021-ல் கேரளச் சட்டமன்றத்தில் தமிழிலேயே உறுதிமொழி ஏற்றார் (வாசகத்தில் சொல் விடுபட்டதால் மறுபடியும் ஏற்க வேண்டியிருந்தது). அவையில் தமிழ் ஒலித்ததில் இந்தப் பக்கத்திலும் சந்தோஷம்தான். ஆனால் மொழி மலையைத் தாண்டும் அளவுக்குக் கேள்வி தாண்டுவதில்லை. உழைக்கும் இடத்தில் ஓட்டு இல்லை, ஓட்டு உள்ள இடத்தில் உழைப்பு இல்லை. இந்தப் பெண்களின் நிலையை எந்தப் பேரவையின் கேள்வித்தாளும் முழுதாகப் பிடிப்பதில்லை.

ரயில் வந்த கதை

கேள்வி பலன் தரும் என்பதற்கும், அது எவ்வளவு மெதுவாகத் தரும் என்பதற்கும் போடியிலேயே சாட்சி இருக்கிறது. 1928-ல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் 31-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளில் முடிந்துவிடும் என்றார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். பிறகு நிலையங்களில் முள்மரம் வளர்ந்தது.

ரயில்வே திட்டங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு என்று சொல்லும் ஆவணத்துக்கு ‘பிங்க் புக்’ என்று பெயர். பட்ஜெட் முடிந்ததும் போடி, தேனி வர்த்தகர்கள் அதில் தங்கள் பாதையின் வரியைத் தேடுவார்கள். திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பது ஒன்று, அதற்குப் பணம் ஒதுக்குவது இன்னொன்று என்ற பாடத்தை இந்த ஊர் வருடா வருடம் படித்தது. அமைச்சர் ‘திட்டம் கைவிடப்படவில்லை’ என்று சொன்னால் அது பொய் இல்லை. பணம் கொடுக்காமலேயே கைவிடாமல் இருக்கலாம். அதனால் இங்கே ‘எப்போது முடியும்’ என்பது சரியான கேள்வி இல்லை. ‘இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், போன ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, மீதி வேலைக்கு எவ்வளவு வேண்டும்’ என்பது சரியான கேள்வி. இந்த மூன்று எண்ணும் ஒரே பதிலில் வந்துவிட்டால் அமைச்சர் ஒளிய இடமில்லை.

2009-லிருந்து தேனி மக்களவைத் தொகுதிக்கு ஆரூண் ரஷீத், பார்த்திபன், ரவீந்திரநாத் என்று வெவ்வேறு உறுப்பினர்கள் வந்துபோனார்கள். காங்கிரஸ் ஆட்சி போய் பாஜக ஆட்சி வந்தது. தனி ரயில்வே பட்ஜெட்டே 2017-ல் பொது பட்ஜெட்டோடு கரைந்தது. 2020-ல் உசிலம்பட்டி வரை சோதனை ரயில் ஓடியது. 2022 மே மாதம் தேனி வரை வந்தது. 75 கிலோமீட்டர், 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்றது அரசு. மிச்சமிருந்த தூரத்தைக் கடந்து போடிக்குள் ரயில் நுழைந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டரை ஆண்டுகள். ரயில் நின்ற ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.

இதில் வெறும் கேள்வியின் பங்கு எவ்வளவு, போராட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மத்திய அரசிடம் இந்த ஊர் வைத்த கோரிக்கைகளில், ஆண்டுவாரியாக எண்களில் பின்தொடர முடிந்தது இது ஒன்றுதான்.

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையில் அமைவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகம் இதற்கு நேர் எதிர். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அணுசக்தித் துறையின் திட்டம், மாநில அரசின் நிலம், கிராமத்தின் பயம், உயர் நீதிமன்றத் தடை, பசுமைத் தீர்ப்பாயம், 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசின் எதிர்ப்பு மனு. இத்தனை அரங்குகளில் பேசப்பட்ட விஷயம் ஒப்புதலுக்கு முன்பே சட்டமன்றத்தில் ஒரு நாள் முழுக்க விவாதிக்கப்பட்டிருந்தால், பாதி வதந்தி அங்கேயே அடங்கியிருக்கும். அடங்காத மீதி உண்மையான ஆட்சேபமாகப் பதிவாகியிருக்கும். விஞ்ஞானிகள் ஊருக்கு விளக்கம் சொல்ல வந்தபோது ஊர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தது.

ஒரு எண்ணை வகுத்தால்

பணத்தைப் பற்றிக் கேட்பது எப்படி என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் பன்னீர்செல்வம் தன் கடைசி இடைக்கால பட்ஜெட்டை வாசித்தார். 2022 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று அதிலேயே சொல்லியிருந்தார். அவையில் பெரிய அதிர்ச்சி இல்லை; தேர்தல் ஜுரத்தில் ஊரிலும் இல்லை. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9-ஆம் தேதி, புதிய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதே 5.70 லட்சம் கோடி. ஆனால் அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2.63 லட்சம் ரூபாய் கடன் என்றார். மறுநாள் பல நாளிதழ்களில் அதுதான் தலைப்பு. இதில் புதிதாக என்ன இருக்கிறது, நாங்கள் சொன்னதுதானே என்று அதிமுக கேட்டதில் நியாயம் உண்டு. எண் பழையதுதான். அதை வகுத்துப் பார்க்க எதிர்க்கட்சிக்குப் பிப்ரவரியிலேயே யார் தடையாக இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

வகுத்துப் பார்ப்பதற்காகவே பேரவையில் நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு தடித்த புத்தகம் கொடுக்கும். நடப்பது என்ன? பேச எழும் உறுப்பினர் தலைவர் புகழ் பாடுவதில் முதல் சில நிமிடங்களைச் செலவழிப்பார். பிறகு தன் தொகுதிக்குக் கலையரங்கம், பாலம், கல்லூரி என்று கோரிக்கைப் பட்டியல். மணி அடிக்கும். உட்கார்வார். கொள்கை விளக்கக் குறிப்பின் பக்க எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்கிறவரைப் பார்ப்பது அபூர்வம். அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளை வாசித்து மேசை தட்டலோடு முடித்துக்கொள்வார். போன ஆண்டு அறிவித்ததில் எத்தனை முடிந்தது என்று கேட்பவர் இருந்தால்தான் அந்த அறிவிப்புக்கு மதிப்பு.

110-ஆவது விதியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அதன் மீது விவாதம் கிடையாது என்கிறது அது. 2011-க்குப் பிறகு முதலமைச்சர் ஜெயலலிதா இந்த விதியில் அறிவித்த திட்டங்களுக்குக் கணக்கில்லை. தனக்குப் பேச அனுமதி மறுத்தார்கள் என்று ஒரு பட்ஜெட் நாளில் அவையை விட்டு வெளியேறியவர், பிற்காலத்தில் கேள்வியே கேட்க முடியாத வாசலை இவ்வளவு விரும்பினார். அன்று அதைக் குறை சொன்ன திமுகவும் ஆட்சிக்கு வந்ததும் அந்த வாசலை மூடவில்லை. 2022-ல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்று ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் கேள்வி கேட்க வேண்டியவரை மனு கொடுப்பவராக மாற்றிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

அவையில் கிடைக்காத பதிலைக் குழுக்களில் வாங்கலாம். தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளர்களைக் குடையும் பொதுக் கணக்குக் குழு அதில் தலையாயது. மக்களவையில் 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சிக்குத்தான். 2021-க்குப் பின் தமிழகத்தில் அந்தத் தலைமை ஆளுங்கட்சியின் கூட்டணியான காங்கிரஸின் செல்வப்பெருந்தகையிடம் போனது. அவர் வேலையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்குக் கேட்கும் நாற்காலியில் கூட்டாளி உட்கார்ந்தால் கேள்வியின் கூர்மை மீது சந்தேகம் வருவது இயல்பு. இன்னொன்று அரசு உறுதிமொழிக் குழு. ‘ஆவன செய்யப்படும்’ என்று அமைச்சர் அவையில் சொன்னாரே, செய்தாரா என்று பார்ப்பது மட்டுமே இதன் வேலை. மாவட்டங்களுக்கு நேரில் வந்தும் ஆய்வு செய்கிறது. கட்டி முடியாத பாலத்தடியில் நின்று பொறியாளரிடம் தேதி கேட்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. உள்ளூர்க்காரர்கள் அந்த வருகையை இன்னொரு விஐபி பவனி என்று நினைத்துச் சால்வையோடு போகிறார்கள். பழைய அவைக்குறிப்பின் நகலோடு போகலாம்.

போடிக்கே திரும்புவோம். 2018 மார்ச் 11 அன்று இந்தத் தொகுதியின் குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேற்றம் போனவர்கள் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. நான்கு நாள் கழித்து, மார்ச் 15-ஆம் தேதி, அந்தத் தொகுதியின் உறுப்பினர் சென்னையில் பட்ஜெட் வாசித்தார். வாசிக்கத்தான் வேண்டும், அது அவர் கடமை. ஒருநபர் விசாரணை நடந்தது, அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஆனால் தீத்தடுப்புக் கோடு வெட்ட அந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது, வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எத்தனை பேர், எத்தனை இடம் காலி என்று குரங்கணியின் சொந்த உறுப்பினர் எழுந்து கேட்க முடியாத நிலையில் இருந்தார். இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு கோடையிலும் புதிய பதில் வேண்டும்.

பேரவையின் அச்சிலேயே, போடிக்காக ஒன்றை எழுதி வைக்கலாம்:

“(அ) போடிநாயக்கனூர் வட்டத்திலிருந்து தினமும் கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களின் எண்ணிக்கையை அரசு அறியுமா?

(ஆ) அறியுமெனில், அதில் பெண்கள் எத்தனை பேர்? எந்த ஆண்டில், எந்தத் துறை எடுத்த கணக்கு?

(இ) இல்லையெனில், கணக்கெடுத்து, அவர்களின் பயணப் பாதுகாப்பு, விபத்து இழப்பீடு, கூலி ஆகியவை குறித்துக் கேரள அரசுடன் பேச அரசு முன்வருமா?”

எந்தக் கட்சிக்கும் சங்கடம் தராத கேள்வி. செலவும் இல்லை. (அ) பகுதிக்கே பதில் தேடி எத்தனை அலுவலகங்கள் ஒன்றை ஒன்று பார்க்கும் என்பதைக் காண ஆசையாக இருக்கிறது. கீழே ஓர் உறுப்பினரின் கையெழுத்து மட்டும் வேண்டும்.